தங்கையின் மழைக்கோட்டு

கேம்பர் வேனின் கதவைத் திறந்ததும் அவள் கண்ணில் பட்டது ஈர மண்ணில் பதிந்திருந்த சின்னக் கால்தடங்கள்தான். வெறுங்கால். ஐந்து வயசுப் பிள்ளையின் அளவு. ஏரிக்கரை நாணலில் தொடங்கி நேராக வேன் படிவரைக்கும் வந்து, அங்கேயே நின்றுபோயிருந்தன.

தங்கச்சி வேலை. வேறு யார் செய்வார்கள்? விடியற்காலையில் பிள்ளையை எழுப்பி, பெத்தவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஏரியைக் காட்டிவிட்டு வந்திருக்கிறாள். அவள் வேனுக்குள் திரும்பினாள்.

"ரெண்டு பேரும் எங்க போயிட்டு வந்தீங்க?"

தங்கை போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். "எங்கயும் போகலையேக்கா. இப்பதான் கண்ணையே முழிக்கிறேன்."

அவள் மகள் வாலு, சித்தியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கியது. பாதம் இரண்டும் காய்ந்து, சுத்தமாக இருந்தன. துடைத்துவிட்டிருப்பாள், எல்லாவற்றிலும் கெட்டிக்காரி ஆச்சே. மண்ணில் தங்கையின் செருப்புத் தடம் ஒன்றுகூட இல்லை என்பது அவளுக்குத் தோன்றவில்லை. இருந்த கோபத்தில் அதெல்லாம் யாருக்குத் தோன்றும்?

அவளுக்கு உல்லாசக் கப்பலில் நர்ஸ் வேலை, இரண்டு வருஷ ஒப்பந்தம். போகும்போது மூன்று வயசாக இருந்த பிள்ளையைத் தங்கைதான் வளர்த்தாள். திரும்பி வந்து ஒரு மாசம் ஆகிறது, வாலு இன்னும் அவளை எதுவென்றும் கூப்பிடவில்லை. தேவைப்பட்டால் முந்தானையை ஒரு இழு, அவ்வளவுதான். ஆறு நாள் ஏரி ஏரியாகச் சுற்றி, பறவையும் மானும் காட்டி, ஒரு தடவையாவது அம்மா என்று சொல்ல வைத்துவிட வேண்டும் என்றுதான் இந்தப் பயணத்தையே அவள் திட்டம் போட்டாள். "சித்தி இல்லாம அவ தூங்க மாட்டாளே" என்று புருஷன் தங்கையையும் ஏற்றிக்கொண்டான். அவனைச் சொல்லி என்ன, வண்டி ஓட்டத் தெரிந்த அளவுக்கு வீட்டு விஷயம் தெரியாத ஆள்.

மத்தியானம் வனவிலங்கு மையத்தில் நாரைக் குஞ்சுகளைப் பார்த்தார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தலையிலிருந்து கால்வரை சாக்கு மாதிரி ஒரு வெள்ளை அங்கி, முகத்தில் வலை, கையில் நாரைத் தலைப் பொம்மையோடு ஓர் ஊழியர் சத்தமே இல்லாமல் நடக்க, குஞ்சுகள் பின்னாலேயே ஓடின.

"ஏன் சித்தி அவங்க பேச மாட்டேங்குறாங்க?" என்றது வாலு.

அங்கே நின்ற வழிகாட்டி பதில் சொன்னார். "பேசக் கூடாது கண்ணு. பொரிச்சதும் யார் பக்கத்துல இருக்காங்களோ அவங்களத்தான் குஞ்சு தாய்னு நெனைச்சுக்கும். மனுஷக் குரல் பழகிருச்சுன்னா அப்புறம் வெரட்டினாலும் போகாது."

"பெத்த தாயே வந்து நின்னா?" என்று அவள் கேட்டாள்.

"யாருன்னே தெரியாதுங்க."

புருஷன் கூரையைப் பார்த்தான். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவு அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அடுத்த ஏரியில் வண்டியை நிறுத்தியபோது தூறல். மற்றவர்கள் வெளியே கூடாரத் துணிக்கு அடியில் சாப்பிட, தலைவலி என்று சொல்லி அவள் உள்ளே படுத்திருந்தாள். வேனின் தரைக்குக் கீழே நகத்தால் கீறும் சத்தம், அப்புறம் அடக்கி அடக்கிச் சிரிக்கும் ஒரு பிள்ளைச் சிரிப்பு, கூடவே அழுகின நாணலும் சேறும் கலந்த ஒரு வாடை. கண்ணாமூச்சி ஆடுகிறார்கள். ஆடட்டும், என்னை எதற்குக் கூப்பிடப் போகிறார்கள். போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டு அழுதாள்.

சாயங்காலம் முகாமின் பொதுக் குளியலறைக்குப் போய்விட்டு வந்தாள். புருஷன் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தான். வேனில் திரை போட்டிருந்தது, விளக்கில்லை. ஏரிக்கரையில் நாணலை ஒட்டி, இருட்டும் மழையும் கலந்த சாம்பல் வெளிச்சத்தில், வாலு தனியாக நின்றிருந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு.

பிள்ளையைத் தண்ணியோரம் விட்டுவிட்டு எங்கே போனாள் இவள்? கத்திக் கூப்பிட வாய் திறந்தவள், மூடிக்கொண்டாள். கூப்பிட்டால் வராது. வேன் கதவுக்கு வெளியே தங்கையின் வெள்ளை மழைக்கோட்டு தொங்கியது. அதை எடுத்து மாட்டி, தொப்பியை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். உள்ளே தங்கையின் பவுடர் வாசனை. வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் நடந்தாள்.

கரையில் போய், பேசாமல், பக்கவாட்டில் கையை நீட்டினாள்.

ஒரு சின்னக் கை வந்து அதற்குள் புகுந்துகொண்டது. சில்லென்று இருந்தது, பாவம், எவ்வளவு நேரமாக நனைகிறதோ. நடந்தாள், கூடவே நடந்தது. நின்றாள், நின்றது. குனிந்தால் முகம் தெரிந்துவிடும் என்று நேராகப் பார்த்தபடியே கரையோரம் இருபது முப்பது அடி போனாள். இரண்டு வருஷத்தில் இப்படி ஒரு நிறைவு அவளுக்கு வந்ததில்லை. பேசிவிட்டால் கெட்டுவிடும் என்று தெரியும். அடக்க முடியவில்லை.

"அம்மாகிட்ட வந்துட்டியா தங்கம்," என்றாள்.

கை இறுகியது.

வேனில் விளக்கு எரிந்தது. திரை விலகியது. ஜன்னலுக்குள் தங்கை, தூக்கக் கலக்கத்தோடு, கையில் சீப்பு. அவள் மடியில் வாலு. பாதி அவிழ்ந்த சடை.

அவள் நின்றுவிட்டாள்.

கீழே பார்க்கவில்லை.

"அம்மா," என்றது பக்கத்தில். வாலுவின் குரல். அச்சு அசல்.

உதறினாள். வரவில்லை. விரல்கள் மணிக்கட்டைச் சுற்றியிருந்தன. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. அவ்வளவு நீளம் எந்தப் பிள்ளைக்கும் கிடையாது.

ஜன்னலில் வாலு மூக்கைக் கண்ணாடியில் அழுத்திப் பார்த்தாள். முதலில் அவளை. அப்புறம் அவள் கையைப் பிடித்திருந்ததை. பிள்ளையின் முகம் கோணியது. பயம் இல்லை அது. இந்த ஒரு மாசமாக முகம்பார்க்கும் கண்ணாடியில் அவள் பார்த்துவந்த தன் பொறாமை முகம்.

"அம்மா," என்று வாலு கண்ணாடியை அறைந்தாள். "அவ யாரு? அவள விடு. நீ என் அம்மா."

முதல் தடவை.

ஜன்னல் பக்கம் ஓரடி வைத்தாள். பிடித்திருந்தது ஏரிப் பக்கம் திரும்பியது. இழுத்தது. கணுக்கால்வரை தண்ணீர். முழங்கால். ஜன்னலிலிருந்து "அம்மா" என்ற குரல். பக்கத்திலிருந்தும் அம்மா, அதைவிடச் செல்லமாக, போட்டி போட்டுக்கொண்டு.

தங்கை கதவைத் திறந்து ஓடி வரும் சத்தம். ரொம்பத் தூரத்தில்.

இடுப்பளவு தண்ணீரில் அது நின்றது. குரல் பழகிவிட்ட குஞ்சு மாதிரி, ஈரத் தலையை அவள் விலாவில் சாய்த்துக்கொண்டது.