கோப்பில் எழுதிய பயம்

சாரல் மூன்று நாளாக விடவில்லை. குற்றாலம் போகும் சாலையை ஒட்டியிருந்த சிறுவர் கூர்நோக்கு இல்லத்தில் துவைத்த துணியெல்லாம் காயாமல் நாறியது. அதன் மேல் பினாயில் நாற்றம் வேறு. மனநல ஆலோசகர் சங்கரேஸ்வரிக்கு அதெல்லாம் பழகியதுதான். பழகாதது பையன்களின் அமைதி. போன வாரம்வரை அவளைக் கண்டதும் காக்காய்க் கூட்டமாய்க் கத்திக்கொண்டு சூழ்ந்தவர்கள், இன்று ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்து, கைகளைத் தொடைமேல் வைத்து, ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். பதினோரு பேர். ஒருவன்கூட அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பன்னிரண்டாவது ஆள் இசக்கிமணி வரவே இல்லை. செல்போன் திருடிய வழக்கில் வடகரையிலிருந்து வந்தவன், பதினான்கு வயது. இரண்டு மாதம் வாயே திறக்காதவன் போன வாரம்தான் அழுது கொட்டினான். சின்ன வயதில் கிணற்றில் விழுந்து ஒரு ராத்திரி முழுக்கக் கிடந்தானாம். இருட்டும் தண்ணீரும் சேர்ந்தால் உயிரே போய்விடுமாம். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அன்று சாயங்காலமே விதிப்படி கோப்பில் எழுதி அலுவலகத்தில் கொடுத்தாள். எல்லா ஆலோசகர்களும் செய்வதுதானே.

அவன் எங்கே என்று கேட்க வார்டன் லிங்கேஸ்வரனின் அறைக்குப் போனாள். அவர் இல்லை. மேஜையில் அவளுடைய கோப்புகள் விரிந்து கிடந்தன. 'பயங்கள்' என்ற கட்டத்தில், அவள் குண்டு குண்டாக எழுதியிருந்ததன் அடியில் சிவப்புக் கோடு. நாய். பக்கத்தில் ஒரு தேதி. பல்லி. தேதி. அம்மா தன்னை மறந்துவிடுவாள். பார்வையாளர் நாளின் தேதி. பதினோரு கோப்பிலும் இப்படியே. பன்னிரண்டாவதில் இன்றைய தேதி.

வாசலில் வார்டன் துண்டால் கை துடைத்தபடி நின்றார். முகத்தில் கோபமே இல்லை.

"இப்பம்லாம் நாங்க பிள்ளைகள அடிக்கதே இல்ல மேடம். எல்லாம் உங்க புண்ணியம். எவன எதுல அடக்கணும்னு நீங்கதான் எழுதிக் குடுத்துருதீங்கல்லா."

அவர் சட்டை முழங்கைவரை நனைந்திருந்தது.

ஓடினாள். கொல்லைப்புறம். மழை. தரையோடு தரையாகத் தண்ணீர்த் தொட்டி. தகர மூடி. மூடிமேல் ஒரு கருங்கல்.

காது வைத்துக் கேட்டாள். சத்தம் இல்லை.

கல்லைத் தள்ளினாள். நகம் பெயர்ந்தது. மூடி அரையடி நகர்ந்தது.

உயிரோடுதான் இருந்தான். கழுத்தளவு தண்ணீர். தலைக்கு மேல் ஒரு சாண் இடம். உதடு வெளுத்து, கண் மட்டும் பெரிதாக. வெளிச்சம் பட்டதும் நிமிர்ந்தான். அழப்போகிற குழந்தை முகம்.

"நான்தாம்லே, மணி. கையக் குடு."

குரல் யாருடையது என்று அவனுக்குத் தெரிந்தது. அந்த முகம் மாறியது. வார்டனைப் பார்த்துக்கூட அவன் அப்படி நடுங்கியிருக்க மாட்டான்.

இரண்டு கைகள் தண்ணீரிலிருந்து மேலே வந்தன. அவள் கையைத் தொடவில்லை. மூடியின் விளிம்பைப் பற்றி, உள்ளேயிருந்து, அவனாகவே, மெல்ல இழுத்து மூடிக்கொண்டான்.