கமாண்டரின் இன்னொரு கண்

போத்தனூர் ஜங்ஷனில் அபிலாஷ் இறங்கியபோது ஆடிக்காற்று ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தது. பிளாட்பாரத்தில் கிடந்த டீ கப்புகள் தண்டவாளத்தை நோக்கி உருண்டு ஓடின. வீடு கூப்பிடு தூரம்தான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே போனான். பெங்களூரில் நல்ல வேலையில் இருக்கிற, கல்யாணமான ஆள், பள்ளிக்கூடம் விட்ட பையனைப் போல நடந்தான். காரணம் அற்பமானது. அம்மா கூப்பிட்டிருந்தாள்.

அம்மா பங்காரம்மா அவனை எதற்கும் கூப்பிட்டவள் இல்லை. தீபாவளிக்குக்கூட அவனாகத்தான் வருவான், அவனாகத்தான் கிளம்புவான். அவளுக்குப் பிள்ளை என்றால் சின்னவன் வம்சிதான். "நாயனா, நாயனா" என்று வீட்டுத் தெலுங்கில் செல்லமாக அவனைத்தான் வாய் நிறையக் கூப்பிடுவாள். பெரியவனுக்கு வெறும் பெயர். காலேஜில் படிக்கும்போதே வம்சி டெங்குக் காய்ச்சலில் போய்விட்டான், அதற்கும் வருஷம் பன்னிரண்டு ஆகிவிட்டது. செத்தவனோடு போட்டி போட்டு ஜெயிக்க முடியாது என்று அபிலாஷ் மனைவி ஹாரிகாவிடம் சிரித்துக்கொண்டே சொல்வான். ஹாரிகா அதற்குச் சிரிக்கமாட்டாள்.

போனில் அம்மா சொன்னது இவ்வளவுதான். "வம்சி செஞ்ச டேங்கு பாதியில நிக்குது. நீ வந்து முடிச்சுக் குடு. உன்னாலதான் ஆகும்."

அந்தக் கடைசி வார்த்தைக்காகவே லீவு போட்டுவிட்டு ரயில் ஏறினான்.

டேங்க் என்றால் உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் பீரங்கி வண்டி. பெட்டிக்குள் பாகங்கள் சட்டம் சட்டமாக வரும். ஒவ்வொன்றாக வெட்டி, ராவி, ஒட்டி, பெயின்ட் அடிக்க வேண்டும். அண்ணனும் தம்பியும் பள்ளிக்கூட லீவு முழுக்க அதில்தான் கிடப்பார்கள். வம்சி கடைசியாகக் கையில் எடுத்த வண்டிதான் பாதியில் நின்றுபோனது.

அம்மா கதவைத் திறந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கைகளைப் பிடித்து, விரல்களை விரித்துப் பார்த்தாள்.

"கையி நடுங்காதல்ல?" என்றாள்.

இல்லீங்கம்மா என்று சிரித்தான். அம்மா தொட்டதே பெரிசாக இருந்தது அவனுக்கு.

முகம் கழுவப் போனவன் குளியலறையில் கண்ணாடி இல்லாததைக் கவனித்தான். ஆணி மட்டும் இருந்தது. கூடத்துப் பீரோவிலும் கண்ணாடி இருந்த இடத்தில் பலகை அடித்திருந்தது. காற்றில் விழுந்து எல்லாம் உடைந்துபோய்விட்டதாக அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னாள். பீரோக் கண்ணாடி எப்படிக் காற்றில் விழும் என்று கேட்க நினைத்தான். பாசமாகக் காப்பி போட்டுக்கொண்டிருக்கிறவளிடம் குறுக்கு விசாரணை எதற்கு என்று விட்டுவிட்டான்.

வம்சியின் அறை பூட்டியே கிடந்தது. பூட்டைத் திறந்ததும் குப்பென்று ஒட்டுப் பசையின் வாசம் அடித்தது. பன்னிரண்டு வருஷம் மூடிக்கிடந்த அறையில் ஒட்டடை வாசம்தான் வரவேண்டும். இது நேற்று யாரோ உட்கார்ந்து வேலை பார்த்த வாசம். மேஜைமேல் ஒரு பட்டுத்துணி. அதற்குக் கீழே வண்டி.

வேலை பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. ஒரு பக்கத்துச் சக்கரப் பட்டை மாட்டவேண்டும், மண் நிறத்தில் தூசி பூச வேண்டும், மேல் மூடியிலிருந்து எட்டிப் பார்க்கிற கமாண்டர் பொம்மையை முடிக்கவேண்டும். அவ்வளவுதான். கமாண்டர் தனியாக ஒரு பாட்டில் மூடிமேல் ஒட்டி நின்றான். அபிலாஷ் அவனைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்.

பெட்டியில் வந்த முகம் இல்லை அது. வம்சி அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, மாவுபோலப் பிசைகிற பசையால் புதுசாக ஒன்று செய்திருந்தான். மேலேறிய புருவம், லேசாக ஒரு பக்கம் கோணிய உதடு.

அது வம்சியின் முகம்.

இடது கண்ணில் கருவிழி இருந்தது. வலது கண் வெள்ளையாக இருந்தது.

கண்ணைக் கடைசியில்தான் வைக்கவேண்டும் என்பது அண்ணன் தம்பி இருவரின் சட்டம். சின்ன வயசில் அப்பா ராமுலு அவர்களை அந்தியூர்ப் பக்கம் ஒரு முனியப்பன் கோயிலுக்குக் கூட்டிப்போயிருந்தார். புதுசாகக் கட்டிய சுதைச் சிலைக்கு அன்றைக்குக் கண் திறப்பு. சிற்பி எதிரே நின்றவர்களையெல்லாம் விலகச் சொன்னார். ஆளுயரக் கண்ணாடி ஒன்றைச் சிலைக்கு முன்னால் பிடிக்கச் சொல்லிவிட்டுத்தான் தூரிகையை எடுத்தார். சாமி முதலில் எதைப் பார்க்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும், அதனால் அது தன்னையே பார்க்கட்டும் என்றார். பையன்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அன்றிலிருந்து பிளாஸ்டிக் சிப்பாய்க்கும் அப்பாவின் சவரக் கண்ணாடியை முன்னால் வைத்துத்தான் கண் வைப்பார்கள். அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துச் சிரிப்பாள்.

வம்சி ஏன் ஒரு கண்ணோடு நிறுத்தினான் என்று யோசித்துக்கொண்டே அபிலாஷ் வேலையைத் தொடங்கினான்.

மறுநாள் காலையில் சக்கரப் பட்டை ஏறியது. தூசி பூசுவதற்கு மேஜையில் ஒரு சின்னச் செம்பில் சாம்பல் நிறப் பொடி இருந்தது. கடையில் விற்கிற நிறப்பொடியைவிட நயமாக இருந்தது. தூரிகையால் தொட்டுச் சக்கரத்திலும், கமாண்டரின் தோளிலும் கன்னத்திலும் பூசினான். நுனி பிரியும்போதெல்லாம் உதட்டில் வைத்து நக்கிக் கூராக்கிக்கொண்டான். பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கிறவர்கள் எல்லோருக்கும் உள்ள கெட்ட பழக்கம் அது. பொடி நாக்கில் நறநறவென்றது. உப்பும் இல்லை, கசப்பும் இல்லை.

மதியம் சாப்பிடும்போது அந்தப் பொடியை எங்கே வாங்கினீர்கள் என்று அம்மாவிடம் கேட்டான்.

"வாங்கல. பேரூர் ஆத்துல கரைக்கறப்ப ஒரு பிடி எடுத்து வெச்சுட்டேன்" என்றாள். ரசத்தைக் கலக்கி ஊற்றினாள்.

அபிலாஷுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் எழுந்து ஓடிப்போய் கிணற்றடியில் வாந்தி எடுத்தான். வாயைத் திரும்பத் திரும்பக் கொப்பளித்தான். பற்களுக்கு நடுவில் தம்பி இன்னும் நறநறத்துக்கொண்டிருந்தான். இப்போதே பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விடவேண்டும் என்று நினைத்தான். போயிருக்கவும் வேண்டும்.

ஆனால் அம்மா பின்னாலேயே வந்துவிட்டாள். முந்தானையால் அவன் வாயைத் துடைத்தாள். தலையில் கை வைத்தாள். "பாதியில உட்டுப்போட்டுப் போயிராத, கண்ணு" என்றாள். விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் அவன் தலையில் கை வைத்ததில்லை. பாவம், பிள்ளையைப் பறிகொடுத்துப் புத்தி பேதலித்துப்போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். அந்தக் கை எடுக்கப்படாமல் இருந்தால் போதும் என்றும் நினைத்தான். முப்பது வருஷப் பசி அது, வெட்கமே இல்லாதது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு எல்லாம் முடிந்து, ஒரு கண் மட்டும் மிச்சம் இருந்தது. ரயில் ஒன்று கூவிக்கொண்டு போனது. ஜன்னல் அதிர்ந்தது. மேஜைமேல் கமாண்டர் அசையவில்லை. ஆனால் அபிலாஷ் எந்தப் பக்கம் நாற்காலியை நகர்த்தினாலும் அந்த ஒற்றைக் கண் அவனுக்கு நேராகவே இருந்தது.

உற்றுப் பார்த்தான். கருவிழியின் ஓரம் பிசிறியிருந்தது. வம்சியின் கை இப்படிப் பிசிறாது.

"இந்தக் கண்ணு யாருங்கம்மா வெச்சது?"

வாசற்படியில் நின்ற அம்மா நிதானமாகச் சொன்னாள். "உங்கப்பா."

அபிலாஷ் தூரிகையைக் கீழே வைத்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. நாற்காலியிலிருந்து எழும்போதே ஒரு பக்கம் விழுந்துவிட்டது. எந்த நாற்காலி என்று அவன் அப்போது கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் பேச்சு வராமல், அசைகிற ஒரே விரலால் அவர் தன் கண்ணைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பிறகு அபிலாஷைக் காட்டி, வேண்டாம் என்பதுபோல விரலை ஆட்டினார். கண் வலிக்கிறதாக்கும் என்று இவன் சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்தான். கொஞ்ச நாளில் அவர் போய்விட்டார்.

எழுந்துவிடலாமா என்று பார்த்தான். கதவை அடைத்துக்கொண்டு அம்மா நின்றாள். அவள் கண்களில் அவன் பார்த்தேயிராத ஓர் ஆசை மின்னியது. அது தன் மேல்தான் என்று அந்த முட்டாள் நம்ப விரும்பினான்.

கண்ணாடி இருந்தால் பயமில்லை. வீட்டில் கண்ணாடி இல்லாவிட்டால் என்ன, போன் இருக்கிறதே. செல்ஃபி கேமராவைத் திறந்து, பெயின்ட் பாட்டிலில் சாய்த்துக் கமாண்டருக்கு நேர் எதிரே நிறுத்தினான். திரையில் வம்சியின் முகம் பெரிசாகத் தெரிந்தது. அபிலாஷ் பக்கவாட்டில் ஒதுங்கி உட்கார்ந்தான். தூரிகையில் கறுப்பு தொட்டான். பழக்கம் விடவில்லை, நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினான்.

மூச்சை அடக்கினான்.

நுனி வெள்ளையைத் தொட்டது.

பின்னாலிருந்து ஒரு கை நீண்டு வந்து போனை எடுத்தது.

இன்னொரு கை அவன் தாடையைப் பிடித்தது. பள்ளிக்கூடத்துக்குத் தலை சீவிவிடும்போது வம்சியின் தாடையை அம்மா பிடிப்பாளே, அதே பிடி. அப்போது பக்கத்தில் நின்று ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருப்பான் இவன். அந்தக் கை இப்போது அவன் முகத்தைப் பொம்மைக்கு நேராகத் திருப்பியது.

"பாரு, நாயனா. நல்லாப் பாத்துக்க" என்றாள் அம்மா. அவள் பொம்மையிடம் பேசினாள்.

இரண்டு கண்களும் அவனைப் பார்த்தன.

விரல்கள் முதலில் மரத்தன. பிறகு நாக்கு. பிறகு மேஜை அகலமாகிக்கொண்டே போய் மைதானமானது. அபிலாஷ் நிமிர்ந்து பார்க்க முயன்றான், கழுத்து திரும்பவில்லை. அவனுக்கு முன்னால் கட்டடம் உயரத்துக்கு ஒரு முகம் நின்றது.

அது அவனுடைய முகம்.

அது கண் சிமிட்டியது. விரல்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கு எடுத்தது, வம்சி எடுப்பதுபோல. கீழே விழுந்த தூரிகையை இடது கையால் எடுத்தது. வம்சிக்கு இடது கைதான்.

"பசிக்குதா, நாயனா?"

"பசிக்குதும்மா."

பங்காரம்மா குனிந்து பாட்டில் மூடிமேல் நின்றவனைப் பார்த்தாள். கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. "மொதல்ல உங்கப்பாவத்தான் உட்டுப் பாத்தேன். பாதியில எந்திரிச்சுட்டாரு. அதான் யாருக்கும் ஆகாமப் போச்சு" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டுல ஒண்ணுதான்னா நான் என்ன பண்ணட்டும்?" என்றாள். சந்தையில் காய் பொறுக்குகிறவள் குரலில்தான் சொன்னாள்.

வம்சி பொம்மையை மூடியிலிருந்து பிய்த்து எடுத்தான். கால் உடையாமல் கவனமாகத்தான் பிய்த்தான். வண்டியின் மேல் துவாரத்தில் நிறுத்திப் பார்த்தான். பிறகு தலையைக் கட்டைவிரலால் அழுத்தி உள்ளே தள்ளிவிட்டான். விளிம்பைச் சுற்றிப் பசை தடவினான்.

"மூடி வெச்சாத்தாண்ணா ஃபினிஷிங் நல்லாருக்கும்" என்றான்.

மூடி இறங்கியது. கட்டைவிரல் அதைப் பிடித்து அழுத்தியது, பசை இறுகும் வரைக்கும்.

உள்ளே பகலும் இல்லை, ராத்திரியும் இல்லை. பசை வாசம் மட்டும் இருந்தது. அபிலாஷுக்குக் காது நன்றாகக் கேட்டது, அதுதான் கொடுமை. சுவரில் ஆணி அடித்துக் கண்ணாடிகள் திரும்ப மாட்டப்படுவது கேட்டது. அம்மா சிரிப்பது கேட்டது. அவள் அப்படிச் சிரித்து அவன் கேட்டதே இல்லை. பிறகு ஒரு நாள் கேட் திறந்தது, ஹாரிகாவின் குரல் கேட்டது.

வேலையை விட்டுவிட்டு இங்கேயே இருக்கப்போவதாகப் புருஷன் சொன்னதால் வந்திருந்தாள். வந்தவளுக்கு ஒரே ஆச்சரியம். அத்தைக்கு இப்போதாவது உங்கள்மேல் பாசம் வந்ததே என்று சொல்லிக் கண் கலங்கினாள். எப்போதிலிருந்து இடது கையில் எழுதுகிறீர்கள் என்று கேட்டாள். அதற்கு ஒரு சிரிப்புதான் பதிலாக வந்தது.

தூசி தட்டும்போது அவள் வண்டியைக் கையில் எடுத்தாள். உலகம் கவிழ்ந்தது. அபிலாஷ் இருட்டில் உருண்டு சுவரில் மோதினான்.

"ஏனுங்க, உள்ள என்னமோ உருளுதுங்க."

"ஒட்டாம உட்ட பாகம் ஏதாச்சும் இருக்கும்."

அவள் வண்டியைக் காதோடு வைத்துக் கேட்டாள். அவளுடைய மூச்சு பிளாஸ்டிக் சுவருக்கு அந்தப் பக்கம் வெதுவெதுப்பாக வந்து மோதியது. அபிலாஷ் இருந்த உயிரையெல்லாம் ஒரு விரலில் சேர்த்தான். விரல் அசைந்தது. சுரண்டினான்.

"சொரண்டற மாதிரி கேக்குதுங்க" என்றாள் மெதுவாக.

வம்சி அவள் கையிலிருந்து வண்டியை வாங்கினான். காதருகே வைத்து, கிலுகிலுப்பையை ஆட்டுகிற குழந்தையைப்போல ஆட்டினான். நன்றாக ஆட்டினான். அபிலாஷின் கை எங்கோ ஒடிந்து விழுந்தது.

"ஒண்ணும் இல்ல" என்று அலமாரியில் வைத்தான்.

அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நாயனா, சாப்பிட வா."

வம்சி எழுந்து போனான். ஹாரிகாவும் பின்னால் நடந்தாள். இருட்டில் கிடந்தவன் அந்த வார்த்தையைக் கேட்டதும், எத்தனையோ வருஷமாகக் காத்திருந்த புத்தியில், தன்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று எழுந்திருக்கப் பார்த்தான்.

அலமாரியில் ஏதோ உருண்டு மோதுகிற சத்தம் கேட்டு, ஹாரிகா வாசற்படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.