வில்லன் ஊட்டிய களி

"ஹா... ஹா... ஹா! இளவரசே, ஒழிந்தாய்!"

ஜானகி ஒட்டு மீசையைப் பிடித்துக்கொண்டு கர்ஜித்தாள். ஒத்திகை பார்க்க வந்திருந்த அவள் தம்பி சின்னப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஐந்து வயதுப் பொடியன் சிரித்ததும் வகுப்பே சிரித்தது.

நாடகத்தில் ஜானகிதான் கெட்ட மந்திரி. இளவரசனுக்கு விஷ லட்டு கொடுக்க வேண்டும்.

"ஜானகி, நாளைக்கும் இப்படிச் சிரிச்சாங்கன்னா நாடகமே கெட்டுடும்மா" என்றார் டோரீன் டீச்சர். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கலக்கமாக இருந்தது.

ஆடுகோடியில் இருந்த தங்கள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் தம்பியைக் கேட்டாள். "ஏண்டா சிரிச்சே?"

"நீ கத்துனா பூனை மாதிரி இருக்குதுக்கா."

வேடத்தைக் கேட்டு வாங்கியதே அவள்தான். இப்போது சொந்தத் தம்பியே சிரிக்கிறான்!

அம்மா மில்லிலிருந்து வர இருட்டிவிடும். அதுவரை தம்பி அவள் பொறுப்பு. ராகிக் களியைக் குழம்பில் தோய்த்தபடி, டெண்டுக் கொட்டகையில் பார்த்த ஒரு படத்தை நினைத்துக்கொண்டாள். அதில் வந்த வில்லன் கத்தவே இல்லை. கட்டிப்போட்ட பையனுக்குச் சட்டைப் பித்தானை மெதுவாகப் போட்டுவிட்டு, "குளிருதா தம்பி?" என்று சிரித்தபடி கேட்டான். அவ்வளவுதான், ஜானகி அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டாள். கத்துகிறவன் அடிப்பான் என்று தெரியும். இப்படிச் சிரிக்கிறவன் அடுத்து என்ன செய்வான் என்று யாருக்குத் தெரியும்?

"சாப்பிடு கண்ணு, அக்கா ஊட்டுறேன்" என்று தம்பியிடம் களியை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது. வழி கிடைத்துவிட்டது!

மறுநாள் அவள் மேடையேறினாள். இளவரசனாக நடித்த ஓஸ்வால்டை நாற்காலியில் கட்டிப்போட்டிருந்தார்கள். ஜானகி கத்தவில்லை. மெதுவாக வந்து அவன் முகத்தைத் துண்டால் துடைத்துவிட்டாள். லட்டை எடுத்தாள். சிரித்தாள்.

"சாப்பிடு கண்ணு, நான் ஊட்டுறேன்."

பள்ளிக்கூடமே மூச்சுவிடவில்லை. ஓஸ்வால்டு வசனத்தை மறந்து விழித்தான்.

"பேடா! தின்னாதே, பேடா!" என்று முன்வரிசையிலிருந்து ஒரு அலறல். சின்னப்பாதான். பயந்தால் அவனுக்கு 'வேண்டாம்' வராது, தெருவில் கற்ற கன்னட 'பேடா'தான் வாயில் வரும்.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. டீச்சர் அவளைக் கட்டிக்கொண்டார். ஜானகிக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் வழக்கம்போல் களியை உருட்டினாள். "சாப்பிடு கண்ணு, அக்கா..."

சின்னப்பா கட்டிலுக்கு அடியில் பாய்ந்தான். "பேடா!"

"மீசையை எடுத்துட்டேன், பாருடா."

"நீ சிரிக்கிறே. சிரிச்சுக்கினே விஷம் வெப்பே."

மத்தியானத்திலிருந்து பிள்ளை ஒன்றும் தின்னவில்லை. இன்னும் கொஞ்சிக் கூப்பிட்டாள். அவன் இன்னும் உள்ளே நகர்ந்தான். இனி எப்போதுமே கிட்டே வரமாட்டானோ? அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கொஞ்சினால்தானே பயப்படுகிறான்? கண்ணைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து மீசையை எடுத்தாள். கோணலாக ஒட்டிக்கொண்டு இடுப்பில் கை வைத்தாள்.

"ஹா... ஹா... ஹா! சின்னப்பா, ஒழிந்தாய்!"

மீசை கழன்று குழம்பில் விழுந்தது.

ஜானகி காத்திருந்தாள். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து 'களுக்' என்று ஒரு சிரிப்பு.

"பூனை!"

"யாருடா பூனை? நான் மந்திரி! மியாவ்!"

சின்னப்பா சிரித்துக்கொண்டே தவழ்ந்து வந்தான். அவள் களியை நீட்டியதும் வாயை இறுக்கி மூடிக்கொண்டான்.

"மொதல்ல நீ தின்னு."

ஜானகி ஒரு வாய் தின்று காட்டினாள். அவன் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். அப்புறம் மடியில் ஏறி உட்கார்ந்து, வாயைப் பெரிதாகத் திறந்தான்.