கோட்டையம்மன் கழுத்துக் கயிறு

இந்தக் காலத்தில் யார் எதற்காக எங்கே போகிறார்கள் என்று ஒரு மண்ணும் விளங்குவதில்லை. முன்பெல்லாம் மலைக்குப் போகிறவன் விறகுக்குப் போவான், தப்பிப்போன ஆட்டைத் தேடிப் போவான், இல்லை நேர்ந்துகொண்டதைச் செலுத்தப் போவான். போலீசுக்குப் பயந்து ஒளியப் போகிறவனும் உண்டு. அதுவும் ஒரு காரணம்தான். இப்போது காரணமே இல்லாமல் போகிறார்கள். கேட்டால் சும்மா பார்க்க வந்தேன் என்கிறார்கள். சும்மா பார்க்க வருகிறவனைத்தான் முதலில் பிடித்து உட்கார வைக்க வேண்டும் என்பது தாண்டவராயனின் கட்சி.

தாண்டவராயன் திண்டிவனத்தில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்றாங் கிளாசோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். செஞ்சி ரோட்டில் கரட்டுப்பாக்கத்தில் அவருக்குக் கொஞ்சம் மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலை நிலம், உண்டு. ஆனி மாதக் கடைசி நாள் காலையில் அவர் பஸ் நிற்கும் இடத்தில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த அம்மாள் இறங்கினாள். நாற்பது வயதிருக்கும். தோளில் கித்தான் பை, கையில் கறுப்புக் குடை. கூட ஆண் துணை இல்லை, பெண் துணையும் இல்லை.

"மலைக்கு எந்தப் பக்கம் வழிங்க?" என்று கேட்டாள்.

"யாரைப் பாக்கணும்?"

"யாரையும் இல்லை. மலையைத்தான் பார்க்கணும். மேலே பழைய கோட்டை, கோயிலெல்லாம் இருக்காமே."

"கோட்டையா? நாலு இடிஞ்ச செவுரு இருக்குது. அதுல ஓணான் இருக்குது. நீ எந்த ஊரு?"

"கும்பகோணம். ஸ்கூல்ல டீச்சர். பேர் விசாலாட்சி. நேத்து மண்டகப்பட்டு, தளவானூர் குகைக்கோயில் பார்த்தேன். முந்தாநாள் செஞ்சி. லீவு போட்டு வந்திருக்கேன்."

"தனியாவா?"

"தனியாத்தான்."

தாண்டவராயன் வழியைக் காட்டினார். அவள் முகத்தையும் பையையும் மனதில் குறித்துக்கொண்டார். பழைய பழக்கம், சும்மா விடுமா?

சாயங்காலம் நாலு மணி. மலை மேலிருந்து பூசாரி ராஜாங்கம் தலைதெறிக்க ஓடி வந்தான்.

"மோசம் போயிட்டோம்! கோட்டையம்மன் தாலியைக் காணோம்!"

ஊர் கூடிவிட்டது. கோட்டையம்மனின் தங்கப் பொட்டுத்தாலி இந்த ஊருக்கு இருக்கிற ஒரே பெருமை. மலைக்கோயிலில் பூசை வருஷ முறையாக நடக்கும். ஒரு வருஷம் ராஜாங்கம், மறு வருஷம் அவன் பங்காளி வெங்கடாசலம். ஆடி ஒன்றாம் தேதி ஊரார் முன்னிலையில் அம்மன் நகைகளை அடுத்தவனிடம் ஒப்படைக்க வேண்டும். விடிந்தால் ஆடி. நகைகளை இறக்கி வரப் போன இடத்தில்தான் தாலி இல்லையாம்.

"இன்னைக்கு மலைக்கு வேற யாரு போனது?" என்று கேட்டார் மணியக்காரர் அப்பாதுரை.

யாரும் போகவில்லை. அந்த டீச்சர் மட்டும்தான்.

விழுப்புரம் பஸ்ஸுக்காகக் காத்திருந்தவளை ஊர்ப் பெண்களில் வாய்த்துடுக்கான முனியம்மாள் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். பையைக் கொட்டினார்கள். ஒரு புடவை, ஒரு சீப்பு, பென்சில், படம் வரைந்த தாள்கள், பாதி தின்ற பன். தாலி இல்லை.

"மலையிலேயே எங்கனா சொருகி வச்சிருப்பா. கூட்டாளி பின்னாடி வந்து எடுத்துக்கினு போவான்" என்றான் ராஜாங்கம்.

"பாக்க லட்சணமாத்தான் இருக்கா. இன்னாத்துக்கு இந்தத் திருட்டு வேலை?" என்று முனியம்மாள் கன்னத்தில் இடித்தாள்.

விசாலாட்சி அழவில்லை. கொட்டிய தாள்களைப் பொறுக்கி எடுத்துக்கொண்டே பேசினாள். "நான் எடுக்கலைங்க. ஸ்டேஷனுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க. கேஸ்னு ஒரு வார்த்தை ஸ்கூலுக்குப் போனா என்னை வேலையிலிருந்து எடுத்துடுவாங்க. படுத்த படுக்கையா இருக்கிற அம்மாவுக்கு நான் ஒருத்திதான்."

"திருடுறதுக்கு முன்னே அம்மா ஞாபகம் வரலையா?" என்றான் ஒருவன்.

மணியக்காரர் தாண்டவராயனைப் பார்த்தார். "ஏட்டையா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா ஜல்தியா ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பிடலாம்."

தாண்டவராயனுக்கும் அவள்மீது சந்தேகம்தான். ஆனால் அவருக்கு மணியக்காரர்மீதும் சந்தேகம், வெங்கடாசலத்தின்மீதும் சந்தேகம், அம்மனைத் தவிர அங்கிருந்த எல்லார்மீதும் சந்தேகம்.

"மேலே போய்ப் பாக்கலாம். எல்லாரும் வாங்க. இந்தம்மாவும் வரட்டும்."

மலை பெரிய மலை இல்லை. பாறையில் வெட்டிய படிகள் பாதி தேய்ந்து கிடந்தன. உச்சியில் கூரை விழுந்த நெற்களஞ்சியம், வற்றிப்போன சுனை, அதற்கப்பால் நாலு கல்தூண் மண்டபம். மண்டபத்தை ஒட்டிக் குனிந்து நுழைகிற மாதிரி கருவறை. மரக்கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு, பூட்டு கிடையாது. அம்மனுக்குப் பயந்தே யாரும் உள்ளே போனதில்லை. முறைப் பூசாரி ஒருவனுக்குத்தான் அந்த வாசல்படியைத் தாண்ட உரிமை.

ராஜாங்கம் விளக்கை உயர்த்திப் பிடித்தான். இடுப்புயரக் கற்சிலை. மோவாய் வரை இழுத்துச் சுற்றிய சிவப்புச் சேலை. ராஜாங்கம் சேலைத் தலைப்பை ஒரு விரலால் ஒதுக்கினான். அம்மன் கழுத்தில் தங்கம் இல்லை. ஒரு கயிற்றில் விரலிமஞ்சள் துண்டு ஒன்று தொங்கியது.

பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"பாருங்க. தாலியை அவுத்துக்கினு, பயத்துல ஒரு மஞ்சளைக் கட்டி வச்சுட்டுப் போயிருக்கா. எம்மாம் பெரிய கைகாரி!" என்றான் ராஜாங்கம்.

தாண்டவராயன் வாசல்படியிலேயே குந்தினார். "அம்மா, நீ இங்க எவ்வளவு நேரம் இருந்தே?"

"மத்தியானம் வரைக்கும். அந்தத் தூண்ல இருக்கிற யாளியை வரைஞ்சேன்."

"உள்ளே போனியா?"

"கதவைத் திறந்து வெளியிலிருந்து கும்பிட்டேன். ஒரே இருட்டு. சேலையும் முகமும்தான் தெரிஞ்சுது. மூடிட்டு வந்துட்டேன்."

"மஞ்சள் கொண்டாந்தியா?"

"மலை பார்க்க வர்றவ மஞ்சளை எதுக்குங்க எடுத்துட்டு வரப்போறேன்?"

"மலை பாக்கவே எதுக்கு வரணும்னுதான் எனக்கு விளங்கலை" என்று முனகிவிட்டு, வெங்கடாசலத்திடம் திரும்பினார். "நீ காத்தாலேர்ந்து எங்க இருந்தே?"

"திண்டிவனத்துல. மண்டிக்கு மல்லாட்டை போட்டுட்டு இப்பத்தான் வந்தேன். மணியக்காரரோடதான் பஸ்ல வந்தேன், கேளுங்க."

மணியக்காரர் தலையாட்டினார்.

"சரி. ராஜாங்கம், காத்தால பூசையில தாலி இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க ஏட்டையா."

"கண்ணால பாத்தியா, இருக்கும்னு நெனச்சுக்கினியா?"

"இன்னாங்க இப்படிக் கேக்குறீங்க? சந்தனம் சாத்துறப்ப தங்கத்தை என் கையாலேயே நவுத்தி வச்சேனே."

"சந்தனம் எங்கெங்க சாத்துவே?"

"நெத்தி, கன்னம், கழுத்து. அப்புறம் சேலை கட்டுவேன்."

"அதுக்கப்புறம் உள்ளே வந்தியா?"

"இப்ப நாலு மணிக்குத்தான். பாத்தேன், ஓடியாந்தேன். தொடக்கூட இல்லை."

"சத்தியமா?"

"அம்மன் மேல சத்தியமா, காத்தால பூசைக்கப்புறம் அந்தக் கயித்து மேல என் கை படலை!"

"நல்லது" என்றார் தாண்டவராயன். "மணியக்காரரே, நாளைக்கு முறை வெங்கடாசலத்துது. ஒரு ராத்திரி முன்னாடி உள்ளே போனா அம்மன் கோச்சுக்காது. அவன் போவட்டும்."

வெங்கடாசலம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே போனான்.

"கயித்துக்கு அடியில விரலை வுடு."

வெங்கடாசலம் குனிந்து விரலால் துழாவினான். "போவலைங்க."

"ஏன் போவலை?"

"சந்தனம் காஞ்சு பிடிச்சிருக்குது. கயித்து மேலேயே பூசியிருக்குதுங்க. கயிறு சந்தனத்துக்கு அடியில இருக்குது."

"கயிறு இன்னா நெறம்?"

"மஞ்சளே இல்லைங்க. வெளக்கெண்ணெய் ஊறி ஊறிக் கறுத்துக் கெடக்குது. மஞ்சள் துண்டும் சுருங்கிப்போய்… ரொம்ப நாள் கயிறுங்க இது."

ராஜாங்கம் விளக்கைத் தாழ்த்தினான். சுவரில் அம்மன் நிழல் நீண்டது.

தாண்டவராயன் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"கேட்டீங்களா? இந்தம்மா இன்னைக்குத் தாலியை அவுத்து மஞ்சள் கட்டியிருந்தா, அது பளிச்சுனு இருக்கணும். காத்தால பூசின சந்தனத்துக்கு மேலே கெடக்கணும். இது அடியில கெடக்குது. அப்போ சந்தனம் பூசுன கைக்கு மஞ்சள் தெரியும். தங்கத்தை நவுத்தினேன்னு சொன்ன கை, மஞ்சளைத்தான் நவுத்தியிருக்குது. நம்ம எல்லாரும் இல்லாத தாலியையே பாத்துக்கினு நின்னோம். இருக்கிற கயித்தை ஒருத்தரும் பாக்கலை."

பிறகு தாண்டவராயன் பூசாரி பக்கம் திரும்பினார்.

"ராஜாங்கம், தாலியை எடுத்தது நீ. இன்னைக்கு நேத்து இல்லை, எப்பவோ எடுத்துட்டே. ஆடியிலதான் நகையை ஊருக்குக் காட்டணும், அதுவரைக்கும் சேலையை மோவாய் வரைக்கும் இழுத்து வுட்டா எவனுக்குத் தெரியும்? விடிஞ்சா ஒப்படைக்கணும். இன்னா பண்றதுன்னு முழிச்சிக்கினு இருந்தே. நல்லவேளையா ஒரு அசலூர்க்காரி தனியா மலை ஏறினா. தூக்கி அவ தலையில போட்டுட்டே."

"அந்தக் கயித்தை எடுத்துக் கெடாசிட்டு வெறுங்கழுத்தா வுட்டிருந்தா நானே இந்தம்மாவை ஸ்டேஷனுக்கு அனுப்பியிருப்பேனே" என்றார் மணியக்காரர்.

"எப்படி வுடுவான்? தாலியை அடகு வைக்கிற பொம்பளைகூட மொதல்ல ஒரு மஞ்சளைக் கட்டிக்கினுதானே தங்கத்தைக் கழட்டுறா? வெறுங்கழுத்து ஆவாதே. திருடுறப்பகூட இவனுக்கு அந்தப் பயம். சரி, இன்னைக்காவது கறுத்ததை எடுத்துட்டுப் புதுசு ஒண்ணு கட்டியிருக்கலாம். கட்டுன கயித்தை ஆடிப்பெருக்குல மாத்தலாம். மத்த நாள்ல அறுக்கறதுன்னா அது புருசன் செத்த அறுதலிக்குப் பண்றது. அம்மனுக்கு அதைப் பண்ண இவன் கை வரலை. பொய்ச் சத்தியம் பண்ண மட்டும் வாய் வந்துச்சு."

"பொய் இல்லைங்க. பூசைக்கப்புறம் கயித்தைத் தொடலை. சேலையைத்தான்…" என்று ஆரம்பித்த ராஜாங்கம், விளக்கைத் தரையில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தான்.

"என் பொண்ணு அம்சா கல்யாணத்துக்குங்க. தை மாசம். முகூர்த்தத்துக்கு மொத நாள், தங்கத்துல தாலி இல்லைன்னா வண்டியைத் திருப்பிக்கினு போயிடுவோம்னு மாப்பிள்ளை வூட்டுல சொல்லிட்டாங்க. இதைக் கட்டிட்டு, அறுவடை முடிஞ்சதும் வேற செஞ்சு மாத்திடலாம்னு நெனச்சேன். மல்லாட்டை காஞ்சு போச்சு."

"மாத்தியிருக்க மாட்டே" என்றார் தாண்டவராயன்.

"என்னை இன்னா வேணா பண்ணுங்க. என் பொண்ணு கழுத்துலேர்ந்து அவுக்கச் சொல்லாதீங்க."

மணியக்காரர் ஊராரைப் பார்த்தார். ஊரார் தரையைப் பார்த்தார்கள். முறையாகப் பார்த்தால் அம்மன் சொத்தைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். கட்டின பெண் கழுத்திலிருந்து தாலியை அவிழ்த்து வா என்று சொல்ல ஒரு வாய்கூடத் திறக்கவில்லை.

கடைசியில் முனியம்மாள்தான் சொன்னாள். "அம்மன் தாலி அம்சா கழுத்துலேயே இருக்கட்டும். அந்தப் பொண்ணு இன்னா பண்ணுச்சு? புதுசா ஒண்ணு செஞ்சு போடற வரைக்கும் இவன் இந்தப் படி மிதிக்கக்கூடாது."

"அதுவரைக்கும் முறை வெங்கடாசலத்துக்கே" என்று மணியக்காரர் முடித்தார். போலீசுக்கு ஆள் அனுப்புகிற பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. அசலூர்க்காரி என்றால் ஸ்டேஷன், உள்ளூர்க்காரன் என்றால் பஞ்சாயத்து. இது தாண்டவராயனுக்கு முப்பது வருஷமாகத் தெரிந்த சங்கதிதான்.

இறங்கி வரும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. விசாலாட்சியிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. முனியம்மாள் மட்டும் மடி நிறைய அவித்த மல்லாட்டை கொண்டுவந்து அந்தக் கித்தான் பையில் கொட்டினாள். "துன்னு. பொழுதுக்கும் பட்டினியாத்தானே இருக்கறே?" என்று சண்டை போடுகிற குரலில் சொல்லிவிட்டுப் போனாள்.

"நீங்க இல்லேன்னா இன்னிக்கு என் பொழப்பு போயிருக்கும், ஐயா" என்றாள் விசாலாட்சி.

தாண்டவராயன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "இப்ப யாரும் இல்லை. என்கிட்ட நெசத்தைச் சொல்லு. இங்க எதுக்கு வந்தே?"

"பார்க்கத்தாங்க வந்தேன்."

"அதான் எதுக்கு?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "வீட்ல அம்மா கூப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. ஸ்கூல்ல பிள்ளைங்க. மேலே அந்த மண்டபத்துல உட்கார்ந்திருந்தப்போ என்னை ஒருத்தரும் கூப்பிடலை. அதுக்குத்தான்."

"கூப்பிடாம இருக்கறதுக்கா கும்பகோணத்துலேர்ந்து ரயில் ஏறி வருவாங்க?"

அவள் சிரித்தாள். பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்தாள். தாண்டவராயன் கையை மடக்கிப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பஸ் போனபின் மணியக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். "இன்னா ஏட்டையா, இன்னுமா அந்தம்மா மேல சந்தேகம்?"

"தாலியை அவ எடுக்கலை. அது நிச்சயம்."

"பின்ன?"

"பின்ன எதுக்கு வந்தா?"

தாண்டவராயன் காறித் துப்பிவிட்டு, மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கொல்லையைப் பார்க்க நடந்தார்.