போட்டு வாங்கோ

"ஹலோ... ஆரைக் கேட்டு என்ர பெட்டியை உடைச்சனீங்கள்?"

நிலாணி போட்ட சத்தத்தில் கனடாவின் மிசிசாகாக் களஞ்சியமே ஒரு கணம் அடங்கியது. குனிந்திருந்தவன் நிமிர்ந்தான். வெளியே கொட்டிய ஐப்பசி மழை அவன் இமைகளிலும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. ஐயோ... இப்படியும் கண்களா? பாதி வழியில் கோபம் தடுமாறியதை அவள் வெளியே காட்டவில்லை.

"நான் மாக்கஸ். சோலர் பனல் செக் பண்ண வந்த எஞ்சினியர். பனல் பூட்டுற முறை சொல்லுற உந்தப் பேப்பரை ஆர் எழுதினது?"

"நான்தான். ஏன், எழுத்து வடிவில்லையோ?"

"எழுத்து வடிவுதான்... எழுதின ஆளும்... ஆனா பனலின்ர சரிவு பிழை."

அறுபது பெட்டிகள். வடக்கே ஜேம்ஸ் குடாக் கரையில் வாழும் கிறீ பூர்வகுடிப் பிள்ளைகளுக்குப் போகிறவை. ஒவ்வொன்றிலும் சின்னதாக ஒரு சூரியத் தகடு, ஒரு பற்றரி, அந்த ஊர் இளையவர்களே தங்கள் மொழியில் பதிந்த கதைகளும் பாட்டுகளும் நிரம்பிய ஒரு டாப்லெட். பிள்ளைகளே தகட்டைப் பூட்டி, வெயிலில் சார்ஜ் ஏற்றிக் கதை கேட்கவேண்டும். ஒன்றரை வருடமாக நிலாணி ஓடியோடிப் பார்த்த காரியம். அதில் பிழையா?

"சரிவை எங்க அளந்தனீங்கள்?"

"இங்க தெற்கில, மில்லிக்கன்ல... எங்கட வீட்டுக் கூரையில."

அவன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்புத்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

"அங்க விண்டர்ல சூரியன் மேல ஏறாது. சினோவும் விழுந்து மூடும். சுவர் மாதிரி நிமித்தி வைக்கவேணும். நான் நிண்டு உதவி செய்யிறன், பேப்பரை மாத்துவம்."

"நாளைக்குப் பிளேன். என்ர வேலை எனக்குத் தெரியும்."

அவன் முகம் வாடியது. "சரி... போட்டு வாறன்."

'போட்டு வாங்கோ', போய்த் திரும்பி வாங்கோ, என்று சொன்னால் வாய் நோகுமா? பிடிக்காதவரைக்கூட அப்படித்தானே வழியனுப்புவோம்! அவளோ, "போங்கோ" என்றாள்.

வாசலில் அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். அவள் குனிந்து டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

தை மாதம், அந்த ஊர் இளைஞர் மையத்து ஜூலி வீடியோவில் வந்தாள். "உன் தாளில் இருந்தபடி வைத்தோம், தகடெல்லாம் பனிக்குள் போய்விட்டது. பெட்டிக்குள் நீ வைத்த தாள்துண்டுதான் காப்பாற்றியது. பிள்ளைகள் இப்போது கதை கேட்கிறார்கள், நிலாணி!"

துண்டா? ஜூலி அதைத் தூக்கிக் காட்டினாள். 'சுவர் மாதிரி நிமிர்த்தி வையுங்கள்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. கீழே நிலாணியின் பெயர். எழுத்து அவளுடையதில்லை. சொல் மாக்கஸினுடையது. அன்று அவள் வீட்டுக்குப் போனபிறகு, மழைக்குள் திரும்பி வந்து, அறுபது துண்டுகள் எழுதியிருக்கிறான்... அவள் பெயரில்!

"எங்கள் மொழியில் பிரியும்போது சொல்லச் சொல் இல்லை," என்றாள் ஜூலி, விடைபெறும்போது. "திரும்பக் காண்போம் என்றுதான் சொல்லுவோம்."

நிலாணிக்கு அழுகை வந்துவிட்டது.

மாக்கஸின் இலக்கத்தைத் தேடிப் பிடித்து அழுத்தினாள்.

"மாக்கஸ்... நான் நிலாணி. துண்டைக் கண்டன்."

"நான் இப்ப தூர மேற்கில, கல்கரியில. வேலை மாறி மூண்டு கிழமை."

மூன்றே கிழமை!

"அண்டைக்கு 'போங்கோ' எண்டு சொல்லிப்போட்டன். அப்பிடி ஆரையும் அனுப்பினதில்லை. உங்களைப் பாத்த உடனேயே பிடிச்சது... அதை மறைக்கத்தான் கடுமையாக் கதைச்சனான். பிந்திப்போச்சு, தெரியும். எண்டாலும்... போட்டு வாங்கோ, மாக்கஸ்."

போனை வைக்கும்போது எல்லோரும் 'வைக்கிறன்' என்பார்கள்.

அவன், "வாறன்" என்றான்.