சத்தமில்லாமல் ஒரு மூன்றாம் நம்பர்!

வினோதனின் வலது கை சார்ஜர் கன்னைப் பிடித்திருந்தது.

வினோதன்தான் இல்லை!

பகல் பன்னிரண்டு ஐம்பத்தைந்து. ஒட்டுசுட்டான் மின்பேருந்து நிலையம். மூன்றாம் நம்பர் பஸ்ஸின் பக்கத்தில், சீமெந்துத் தரையில், மல்லாந்து கிடந்தான் கொண்டக்டர் வினோதன். வயது இருபத்தொன்பது. கண்கள் திறந்தபடி. தலைக்குக் கீழே சிவப்பு... மெல்ல மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

"ஐயோ...!"

அலறியவள் தயாளினி. அந்த நிலையத்தின் ஒரே ஊழியர்.

கேற்றடியில் சோற்றுப் பார்சலோடு வந்துகொண்டிருந்த சாரதி அனோஜன் ஓடி வந்தான்.

"அக்கா... கிட்டப் போகாதேங்கோ! கரண்ட்! கரண்ட் அடிச்சுப் போட்டுது!"

பார்சல் கைநழுவி விழுந்தது. வெள்ளைச் சோறு சிதறியது.

அந்த அலறலைக் கேட்க வேறு யாரும் இல்லை. ஒரு பக்கம் வயல். மறு பக்கம் யானை வேலி, அதற்கு அப்பால் காடு. சந்திக் கடைகளுக்கே கால் மைல்!

வவுனியாவுக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில் ஓடும் ஐந்து மின்சார பஸ்களும் நடுவழியில் பசியாற வருவது இங்கேதான். நாற்பது நிமிடம் சார்ஜ். ஆட்கள் சந்திக் கடைகளில் சாப்பிடுவார்கள். பஸ் இங்கே சார்ஜர் கன் வழியாக மின்சாரம் குடிக்கும்.

*

சப் இன்ஸ்பெக்டர் பத்மாசனி ஜீப்பிலிருந்து இறங்கியபோது மணி ஒன்று நாற்பது.

ஐம்பது வயது. காக்கிச் சட்டைப் பையில் மூன்று பேனா. எழுதுவது ஒன்றுதான்.

"முதல்ல கண்டது ஆர்?"

"நான்தான் மேடம்." தயாளினியின் குரல் நடுங்கியது.

"அதுக்கு முதல் எங்க நிண்டனீங்கள்?"

"உள்ளுக்க. டெலிபோனில."

"ஆரோட?"

"வவுனியா கட்டுப்பாட்டு அறை. யதுர்ஷன் சேர். ஒவ்வொரு நாளும் பன்னிரண்டரைக்கு எடுக்கிறவர்."

"என்ன விசயமா?"

தயாளினி தயங்கினாள்.

"சார்ஜ் ஏறுதோ எண்டு கேப்பார். பிறகு... சாப்பிட்டனீங்களோ எண்டு கேப்பார்."

பத்மாசனி அவளை ஏறிட்டுப் பார்த்தார்.

தயாளினிக்கு முப்பத்துநான்கு. சொந்த ஊர் வட்டக்கச்சி. அம்மா மாசி மாதம் தவறிப்போனாள். தம்பி பாரிஸில். ஒட்டுசுட்டானில் ஒரு வாடகை அறை, ஒரு மேசை விசிறி. சில நாட்களில் அவளுடைய பெயரை யாராவது உச்சரிப்பது அந்த டெலிபோனில் மட்டும்தான்!

"வெளியில ஒரு மனிசன் சாகிறான். உங்களுக்குச் சத்தமே கேக்கேல்லையோ?"

"இந்த பஸ்சுகளுக்கு ஏது சத்தம் மேடம்? வாறதும் தெரியாது, போறதும் தெரியாது. உள்ளுக்க ஏசியும் இரைஞ்சுகொண்டிருக்கும்."

பத்மாசனி அலுவலகத்துக்குள் நுழைந்தார். அது ஒரு பழைய கப்பல் கொள்கலன். டெலிபோன் பின்சுவரில். அங்கே நின்றால் ஜன்னலில் தெரிவது றோட்டு மட்டும். சார்ஜ் ஏற்றும் முற்றம் தெரியாது.

"வினோதனை உயிரோட கடைசியாக் கண்டது எப்ப?"

"பன்னிரண்டு முப்பத்தைஞ்சு இருக்கும். ஜன்னலால கை காட்டிப் போட்டுக் கடைக்குப் போனவன். எப்பவும் அப்படித்தான். நான் கதைச்சுக்கொண்டு நிப்பன்... நானும் கை காட்டுவன்."

சொல்லும்போதுதான் அவளுக்கே அது உறைத்தது. ஆறு மாதமாக அந்த மனிதனோடு அவள் பேசியது பத்து வசனம் இருக்காது. அவன் வரும் நேரமெல்லாம் அவள் காதில் டெலிபோன்!

வெளியே அனோஜன் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான்.

"டீசல் பஸ் ஓடேக்க ஒருத்தன் செத்தானோ? இந்தக் கோதாரி கன்னால ஒரு உயிர் போச்சுது! கரண்ட் தூக்கி எறிஞ்சு தலை தூணில அடிபட்டிருக்கு... பாருங்கோ!"

தயாளினி வெளியே வந்து, நேராக இரண்டாவது சார்ஜரிடம் நடந்தாள். கன்னைக் கழற்றினாள். அதன் வாய்க்குள் தன் விரலை விட்டாள்!

"அக்கா!" அனோஜன் அலறினான்.

ஒன்றும் நடக்கவில்லை.

"இது பஸ்ஸில பூட்டி, பஸ் ஓம் எண்டு சொன்னாப் பிறகுதான் கரண்ட் வரும், மேடம். வெறும் கன்னால ஒரு எறும்பும் சாகாது!"

பத்மாசனி பேனாவை மூடினார்.

"அப்ப கரண்ட் இல்லை. ஆரோ அடிச்சுக் கொலை செய்துபோட்டுக் கையில கன்னைக் குடுத்திருக்கினம்."

அனோஜன் சிதறிக் கிடந்த சோற்றைக் காலால் ஒதுக்கத் தொடங்கினான்.

*

மறுநாள் புதன்கிழமை வைத்தியர் சொன்னதும் அதேதான். பின்மண்டையில் இரும்பால் ஒரே அடி. உடம்பில் மின்சாரம் பட்ட அடையாளம் துளியும் இல்லை.

பன்னிரண்டரைக்கு டெலிபோன் அடித்தது.

"தயாளினி... ராத்திரி நித்திரை கொண்டனீங்களோ?" யதுர்ஷனின் குரல், பால்தேநீர் மாதிரி இதமாக.

"இல்லை சேர்."

"பயப்பிடாதேங்கோ. நான் இருக்கிறன்தானே. பொலிஸ் என்னவாம்?"

"ஒண்டும் சொல்லேல்லை."

"உங்களிட்ட என்ன கேட்டவை?"

"எங்க நிண்டனீங்கள் எண்டு கேட்டவை. உங்களோட கதைச்சனான் எண்டனான்."

"அதுதானே உண்மை!" சின்னதாக ஒரு சிரிப்பு. "சாப்பிட்டனீங்களோ?"

"ஓம் சேர்."

பொய்! பார்சல் பிரிக்கப்படாமல் மேசையில் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே கை காட்ட யாரும் இல்லை.

வியாழக்கிழமையும் டெலிபோன் அடித்தது. அவளும் பேசினாள். பதினொரு நிமிடம்.

அன்று பின்னேரம் பொலிஸ் மூன்றாம் நம்பரை விடுவித்தது.

*

வெள்ளிக்கிழமை காலை எட்டரை.

பத்மாசனியின் மேசையில் ஒரு நீளமான காகிதத்தை விரித்தாள் தயாளினி.

"என்ன பிள்ளை இது? சாதகமோ?"

"மூண்டாம் நம்பர் குடிச்ச கரண்ட் கணக்கு, மேடம். என்ர சார்ஜர் மீற்றர் சொல்லுறது. ஒரு பஸ்ஸில பத்துப் பற்றரிப் பெட்டி. ஆறு கிழமையா மூண்டாம் நம்பர் பத்தில ஒரு பங்கு குறைச்சுத்தான் குடிக்குது. ஒரு பெட்டிக்குப் பசியே இல்லை!"

"பழுதாப் போச்சோ?"

"பழுதான பெட்டி எண்டால் பஸ் கத்தும். இது கத்தேல்லை. ஆரோ ஒரு பெட்டியைக் கழட்டிப் போட்டு, மிச்சம் ஒன்பதும் போதும் எண்டு பஸ்ஸை நம்ப வச்சிருக்கினம். வெளியில மூடி அப்படியே கிடக்கு. மூடியில மண்டையோடு. அபாயம் எண்டு எழுதியிருக்கு."

பத்மாசனியின் முதுகு நிமிர்ந்தது.

"அதுக்குள்ள என்ன வச்சாலும்..."

"ஓமந்தைச் சோதனைச் சாவடியில மறிச்சாலும் ஒருத்தரும் திறக்க மாட்டினம்."

"நாங்களே திறக்கேல்லை!" பத்மாசனி நெற்றியில் தட்டிக்கொண்டார். "முல்லைத்தீவுக் கரையில கேரளக் கஞ்சா இறங்குது எண்டு ரெண்டு மாசமா லொறி லொறியாக் கிண்டுறம். அது குளிர்காத்து வாங்கிக்கொண்டு பஸ்ஸில போயிருக்கு! சரி... பஸ்ஸை நம்ப வைக்க ஆரால முடியும்?"

தயாளினி கீழே பார்த்தாள்.

"கட்டுப்பாட்டு அறையால மட்டும்தான்."

"பெயரைச் சொல்லுங்கோ பிள்ளை."

அந்த ஐந்து எழுத்தைச் சொல்ல அவளுக்கு ஒரு முழு நிமிடம் பிடித்தது.

"யதுர்ஷன்."

"ம்."

"மற்ற நாளெல்லாம் பத்து நிமிசம்தான் கதைப்பார், மேடம். செவ்வாய்க்கிழமை இருபத்தொரு நிமிசம். அண்டைக்குத்தான் முதல்முதலா என்ர அம்மாவைப் பற்றிக் கேட்டவர். எப்படிப் போனவா... கடைசியா என்ன சொன்னவா... நான் அழுதனான். அவர் பொறுமையாக் கேட்டுக்கொண்டிருந்தவர்." காகிதத்தைத் தடவி நேராக்கினாள். "எனக்கு ஆறுதலா இருந்தது."

ஸ்டேஷன் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பத்மாசனி தண்ணீர்ப் போத்தலை அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஏத்திறது அனோஜன்?"

"வேற ஆரும் முற்றத்துக்கு வாறேல்லை."

"இண்டைக்குத்தான் மூண்டாம் நம்பர் திரும்ப ஓடுது. கரையில வந்த சாமானை மூண்டு நாளாக் காட்டுப் பத்தைக்குள்ள வச்சுக்கொண்டு துடிச்சுக்கொண்டிருப்பான். இண்டைக்கு ஏத்துவான்." பத்மாசனி எழுந்தார். "ஆனால்... அவர் டெலிபோன் எடுக்காட்டி?"

"எடுப்பார், மேடம். ஒரு நாளும் பிந்தினதில்லை."

*

பன்னிரண்டு முப்பது.

ட்ரிங்... ட்ரிங்...!

பற்றைக்குள் நாலு பொலிஸ்காரர்கள் மூச்சைப் பிடித்தபடி. வவுனியாக் கட்டுப்பாட்டு அறை வாசலில் இன்னும் மூன்று பேர். பத்மாசனி கொள்கலனின் மூலையில், சப்பாத்தைக் கழற்றிவிட்டு.

"ஹலோ... தயாளினி? இண்டைக்கு என்ன கறி?"

"கத்தரிக்காய், சேர்."

"சார்ஜ் ஏறுதோ?"

"ஏறுது சேர்."

அவளைப் பேச்சில் பிடித்துவைக்க அவன் பேசினான். அவனைப் பேச்சில் பிடித்துவைக்க அவள் பேசினாள். இரண்டு பேரும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்கள்!

"அம்மான்ர வீட்டை இப்ப ஆர் பாக்கினம்?"

தயாளினியின் விரல்கள் டெலிபோனை இறுக்கின. பொய்யாக ஏதாவது சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது உண்மை.

"பூட்டிக் கிடக்கு, சேர். சாவி என்னட்டத்தான். திறக்கப் போறேல்லை."

"ஏன்?"

"திறந்தால் அம்மான்ர கதிரை நேர இருக்கும். அதில ஒருத்தரும் இருக்க மாட்டினம்."

"நீங்கள் இப்படித் தனிய இருக்கக் கூடாது, தயாளினி." அவன் குரல் தாழ்ந்தது. அதில் உண்மை இருந்ததா? அவளுக்கு இனி ஒருபோதும் தெரியப்போவதில்லை.

வெளியே...

"டேய்! கையைத் தூக்கு!"

தடதடவென்று பூட்ஸ் சத்தம். ஏதோ பாரமாக விழுந்தது. அனோஜனின் அலறல்.

"அது... அது என்ன சத்தம்?"

"குரங்கு, சேர்."

"தயாளினி, நான் வைக்கிறன்..."

"சேர், ஒண்டு கேக்கட்டே?" அவள் குரல் இப்போது நடுங்கவில்லை. "வினோதன் வெளியில சாகேக்க... நான் அம்மாவைப் பற்றித்தானே சொல்லிக்கொண்டிருந்தனான்?"

மறுமுனையில் கதிரை விழும் சத்தம் வந்தது. கதவு மோதும் சத்தம் வந்தது. யாரோ சிங்களத்தில் அதட்டினார்கள். பிறகு நீண்ட ஒற்றை ஒலி...

பூ...ம்...

அவள் டெலிபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. பத்மாசனிதான் அருகே வந்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, டெலிபோனை வாங்கி வைத்தார்.

*

அனோஜன் பின்னேரத் தேநீருக்கு முன்பே எல்லாவற்றையும் கக்கிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை ரிக்கெட் மெஷினை மறந்துவிட்டுக் கடைக்குப் போன வினோதன் பாதியில் திரும்பியிருக்கிறான். மண்டையோட்டு மூடி திறந்திருப்பதையும், உள்ளே பொதிகள் அடுக்கியிருப்பதையும் கண்டிருக்கிறான். 'அக்காட்டச் சொல்லப் போறன்' என்று கொள்கலன் பக்கம் திரும்பியிருக்கிறான். இரண்டே அடி வைத்தான். மூன்றாவதை வைக்க அனோஜனின் ஜாக்கி லீவர் விடவில்லை. பொதிகளைத் திரும்பப் பற்றைக்குள் இழுத்துப்போட்டு, வினோதனின் கையில் கன்னைச் செருகிவிட்டு, பின்வேலியால் கடைக்கு ஓடியிருக்கிறான்.

அனோஜனின் கைத்தொலைபேசியில் பன்னிரண்டு நாற்பத்தொன்றுக்கு யதுர்ஷனுக்குப் போன ஒரு தகவல் இருந்தது.

'பிரச்சினை. இன்னும் பத்து நிமிசம் கதை.'

பதிலும் இருந்தது. 'ம்.'

பத்மாசனி அதை வாசித்தார். தயாளினிக்குக் காட்டவில்லை.

நிலையத்தில் பொலிஸ்காரர்கள் பொதிகளை ஜீப்பில் ஏற்றி முடித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தயாளினி கொள்கலன் படியில் உட்கார்ந்திருந்தாள். பத்மாசனி வழக்குக் கோவையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். காலையில் அவள் கொடுத்த நீளக் காகிதத்தைக் கோவையில் இணைக்க எடுத்தவர்... நிறுத்தினார்.

காகிதத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி.

"பிள்ளை... ஒரு கேள்வி."

"கேளுங்கோ மேடம்."

"இது பிரிண்ட் ஆனது செவ்வாய்க்கிழமை பின்னேரம் நாலு பத்துக்கு எண்டு போட்டிருக்கு."

தயாளினி அசையவில்லை.

"வினோதன் செத்து மூண்டரை மணித்தியாலத்தில உங்களுக்கு எல்லாம் விளங்கிப்போச்சு. என்னட்ட வந்தது வெள்ளிக்கிழமை. நடுவில ரெண்டு முழு நாள். ஏன்?"

வயலில் கொக்குகள் எழும்பின. அவள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புதன்கிழமை ஒரு கோல் வந்தது, மேடம்... வியாழக்கிழமை ஒண்டு."

"அதுக்கு?"

"சொல்லிப்போட்டால் பிறகு ஒருத்தரும் எடுக்க மாட்டினம்தானே?"

பத்மாசனி காகிதத்தின் அடிப்பாகத்தை, அந்தப் பொடி எழுத்து வரியோடு, உள்பக்கமாக மடித்தார். கோவையில் வைத்து, நாலு ஸ்டேப்பிள் அடித்தார்.

டக்... டக்... டக்... டக்!

எழுந்து, காற்சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுச் சொன்னார்:

"உங்கட பிரிண்டருக்கு நேரம் சரியில்லைப் போல, பிள்ளை... ஆரையாவது கூப்பிட்டுத் திருத்துங்கோ!"