இளக்காத படம்

சனிக்கிழமை காலையில் இட்லியை அவித்து மூடி வைத்துவிட்டு முன்பார்வைக்குப் போவது கோவில்பட்டி ஏழாம் வார்டுத் தாய்மாருக்குச் சந்தைக்குப் போவது மாதிரிதான். இந்த வாரம் செண்பகவல்லியின் முறை. அரசாங்க ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். வாய்த்துடுக்கு கொஞ்சம் ஜாஸ்தி.

ஏழாம் வார்டுப் பிள்ளைகள், எத்தனை வயசானாலும் சரி, மாலையில் பார்க்கப்போகும் படத்தைப் பெற்றவர்களில் ஒருவர் காலையிலேயே பார்த்துவிட வேண்டும். மணிக்கட்டில் துடிப்பளவியைக் கட்டிவிடுவார்கள். வாயைத் திறந்து ஒன்றும் சொல்ல வேண்டாம். எந்த இடத்தில் நெஞ்சு படபடக்கிறதோ அந்தக் காட்சியை யந்திரம் அப்போதே இளக்கிவிடும். குண்டு மத்தாப்பாகும், பிணம் தூங்குகிறவனாகும். பெற்ற மனசு தாங்காததைப் பிள்ளை பார்க்கக் கூடாது என்பது சட்டம். அதிகமாகத் துடித்த நெஞ்சுக்கு வருஷக் கடைசியில் 'தாயுள்ளம்' விருதும் பட்டுச்சேலையும் உண்டு. செண்பகம் இரண்டு சேலை வாங்கியவள். அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு அவள் தெருவில் நடந்தால் பார்க்க வேண்டுமே!

எல்லையில் வருஷக்கணக்காகப் போர். அவள் மகள் நறுமுகைக்குப் போர்முனை நிருபர் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை ரயில். பெட்டியைத் திறந்து பார்த்தால் நாலு சுடிதார், ஒரு கூலிங்கிளாஸ், முகத்துக்குப் பூசுகிற கிரீம். கல்யாண வீட்டுக்குப் போகிறவள்கூட இன்னும் கொஞ்சம் யோசித்து எடுத்து வைப்பாள்.

"ஏட்டி, அங்க குண்டு போடுவானாம்லா?" என்று நேற்று செண்பகம் கேட்டாள்.

"போட்டா என்னம்மா? புகை வரும். இருமிட்டு எந்திரிச்சு வரப்போறேன்" என்று சிரித்தாள் மகள்.

செண்பகமும் சேர்ந்து சிரித்துத் தொலைத்தாள்.

இன்றைய படமும் நிருபர்களைப் பற்றியதுதான். இரண்டாகப் பிளந்துபோன ஒரு நாடு. வயதில் மூத்த பெண் நிருபர் ஒருத்தி, அவளோடு கேமராவைத் தூக்கிக்கொண்டு அலையும் சின்னப் பெண் ஒருத்தி. தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கிற வரிசையை அவர்கள் படமெடுக்கும்போது குண்டு விழுகிறது. சின்னவள் சரிகிறாள். பெரியவள் அவளைத் தூக்கவில்லை. கீழே விழுந்த கேமராவை எடுத்து, அழுதுகொண்டே படம் பிடிக்கிறாள்.

செண்பகத்துக்கு நெஞ்சு தூக்கிப் போட்டது. அவ்வளவுதான், திரையில் ரத்தம் மறைந்தது. சின்னப் பெண் கொட்டாவி விட்டு, ஒருக்களித்துப் படுத்துத் தூங்கினாள்.

"அடப் பாவி மனசே!" என்று வாய்விட்டே சொன்னாள் செண்பகம். இதைப் பார்த்து வளர்ந்த மகள்தானே இருமிட்டு வருவேன் என்கிறாள்? எத்தனை பிணத்தை இந்த நெஞ்சு தூங்க வைத்ததோ! அதற்குப் பட்டுச்சேலை வேறு.

"அண்ணாச்சி, முதல்ல இருந்து இன்னொரு தடவை போடுங்க."

கண்காணிப்பாளர் சுடலைமுத்து திகைத்துப்போனார். கேட்டால் மறுபார்வை தர வேண்டும், கடைசிப் பார்வைதான் செல்லும் என்று சட்டத்தில் இருக்கிறது. இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை.

"எதுக்கும்மா? நல்லாத்தானே இளகியிருக்கு?"

"அதான் கூடாதுங்கேன். போடுங்க."

கண்ணை மூடினால் படம் நின்றுவிடும். திறந்த கண்ணோடு, துடிக்காத நெஞ்சோடு பார்க்க வேண்டும். இரண்டாம் தடவையும் அந்தப் பெண் கொட்டாவி விட்டாள். மூன்றாம் தடவை, வலியில் அலறும் பெண்களிடம் தினமும் சொல்வதைத் தனக்கே சொல்லிக்கொண்டாள். மூச்சை அடக்காதே, ஊதி விடு, ஊதி விடு. குண்டு விழுந்தது. ஊதினாள். அந்தப் பெண் சரிந்தாள். அந்த முகம் நறுமுகையின் முகமாகவே தெரிந்தது. பல்லைக் கடிக்காமல், இமைக்காமல் ஊதினாள். ரத்தம் ரத்தமாகவே ஓடியது. செத்தவள் செத்தே கிடந்தாள்.

மாலையில் வார்டு அரங்கிலிருந்து பிள்ளைகள் அழுதுகொண்டு வெளியே வந்தார்கள். தெருவே திரண்டு செண்பகத்தின் வாசலுக்கு வந்துவிட்டது.

"பிள்ளைகளை இப்படி அழ விட்டுட்டியே, நீயெல்லாம் ஒரு தாயா?" என்றாள் எதிர்வீட்டுக்காரி.

"தாயாப் போய்த்தான் பாக்க வச்சேன். உன் மகனுக்கும் அடுத்த வருஷம் பட்டாளத்துல இருந்து ஆள் வரும். மத்தாப்பு பாக்கவா கூட்டிட்டுப் போறான்?"

எதிர்வீட்டுக்காரி மகனின் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"மேலிடத்துக்குத் தெரிஞ்சா உன் முன்பார்வை உரிமையப் பறிச்சிருவாங்கம்மா" என்றார் சுடலைமுத்து.

"பறிக்கட்டும் அண்ணாச்சி. அந்த ரெண்டு சேலையையும் சேத்துக் கொண்டுபோங்க."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு நறுமுகை உள்ளே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. அடுக்களைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அம்மா, கை நடுங்குது. வயித்துக்குள்ள என்னமோ பெசையுது. எனக்கு ஏதோ சீக்கு வந்துட்டும்மா."

"சீக்கு இல்லட்டி. இதுக்குப் பேருதான் பயம்."

பெற்று வளர்த்த பிள்ளைக்கு அதை இப்போதுதான் சொல்லித்தர வேண்டியிருந்தது.

"நெசமாவே அந்தப் படத்துப் பொண்ணு எந்திரிக்க மாட்டாளா?"

"மாட்டா."

நறுமுகை துப்பட்டாவால் முகத்தை அழுந்தத் துடைத்தாள். போகலைன்னு சொல்லிருட்டி, ஒரு வார்த்தை சொல்லிரு என்று செண்பகம் உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"கூட இருந்த அக்கா படம் எடுக்கலைன்னா, அவ செத்தது யாருக்குமே தெரிஞ்சிருக்காதுல்லா?"

"தெரிஞ்சிருக்காது."

"பயமா இருக்கும்மா. ஆனா நான் போறேன்."

போகாதே என்ற சொல் செண்பகத்தின் வாய்வரை வந்தது. சொன்னால் கேட்டுவிடுவாள் என்றும் தெரிந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போ. ஆனா பயந்துக்கிட்டே போ. சத்தம் கேட்டா தலையக் குனி. ஓட வேண்டிய இடத்துல ஓடு, வெக்கப்படாத. எடுத்த படத்தை மட்டும் எவனையும் இளக்க விட்டுராத. எத்தன பேரு நெஞ்சு துடிச்சாலும் சரி, என் நெஞ்சே துடிச்சாலும் சரி."

மகள் தலையாட்டினாள். செண்பகம் அவளைக் கட்டிக்கொண்டு, தெருவுக்கே கேட்கட்டும் என்று சத்தம் போட்டு அழுதாள்.